கழுவாய்: ‘கிருபாதார பலி’க்கு நேரான தமிழ்ச்சொல்

யோவான் எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், இரண்டாம் வசனம் பழைய தமிழ் வேதாகமத்தில் இயேசுவைக் குறித்து “நம்முடைய பாவங்களை நிவிர்த்திசெய்கிற கிருபாதார பலி அவரே” என்று தொடங்குகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் புதிய மொழிபெயர்ப்பில் அதே வசனம் “நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே” என்று சுருங்கி நிற்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது ‘ஹிலாஸ்மோஸ்’ என்னும் ஒரே சொல். அதைத் தமிழில் தர முதல் மொழிபெயர்ப்புக்கு நிவிர்த்தி, கிருபை, ஆதாரம், பலி என நான்கு சொற்கள் தேவைப்பட்டன. இரண்டாவதற்கு ஒன்றே போதுமாயிற்று. பழையவர்கள் சொற்களை வீணாக்கினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையில் இயேசுவின் குருதி என்ன செய்கிறது என்ற கேள்விக்கான விடை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் ஓர் எபிரெயச் சொல் உண்டு. க-ப்-ர் என்னும் மூன்று மெய்களை வேராகக் கொண்ட ‘கிப்பேர்’ என்னும் வினைச்சொல்லுக்கு ‘மூடு’ என்று பொருள் கொள்வோர் உண்டு. ‘துடை, கழுவு’ என்று கொள்வோரும் உண்டு. நோவாவின் பேழைக்கு உள்ளும் புறம்பும் கீல் என்னும் தாரைப் பூசச் சொல்லும் இடத்தில் இதே மெய்களைக் கொண்ட வினை வருவதால், முதற்பொருளுக்கு அது சான்றாகக் காட்டப்படுகிறது. எபிரெயத்தின் உறவுமொழியான அக்காடிய மொழியிலோ இதன் இனச்சொல்லுக்குத் துடைத்துத் தூய்மையாக்குதல் என்பதே பொருள். மீட்புக்காகக் கொடுக்கும் விலையைக் குறிக்கும் ‘கோபெர்’ என்ற சொல்லும் இதே எழுத்துகளால் ஆனது. யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான ‘யோம் கிப்பூர்’ என்பதன் பெயர் இவ்வேரிலிருந்தே வந்தது.

சொல் அகராதியில் தராத விளக்கத்தை அந்த நாளின் சடங்கு தருகிறது. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தின்படி, ஏழாம் மாதம் பத்தாம் நாளில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், பிரதான ஆசாரியன் திரைக்கு உட்புறம் செல்கிறான். அங்கே உடன்படிக்கைப் பெட்டியின்மேல், இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் கொண்ட பசும்பொன் மூடி இருக்கிறது. அதன் பெயர் ‘கப்போரெத்’, அதுவும் கிப்பேர் வேரில் பிறந்ததே. காளையின் இரத்தத்தை அவன் விரலால் எடுத்து அம்மூடியின்மேல் தெளிக்கிறான். பிறகு அதற்கு முன்பாக ஏழுமுறை தெளிக்கிறான். வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தையும் அவ்வாறே செய்கிறான். எதற்காக என்பதைப் பதினாறாம் வசனம் வெளிப்படையாகச் சொல்கிறது: இஸ்ரவேலரின் தீட்டுகளும் மீறுதல்களும் திருவிடத்தில் படிந்திருக்கின்றன, அந்த இடத்தைத் தூய்மையாக்க வேண்டும். லேவியராகமத்துக்கு மிக விரிவான உரை எழுதிய ஜேக்கப் மில்குரோம், இங்கே இரத்தம் ஒரு சலவைப் பொருளைப் போலச் செயல்படுகிறது என்று விளக்கினார். இரத்தம் கறைப்படுத்துவது என்பதே நம் அன்றாட அனுபவமாயிருக்க, இங்கே அது கறையை நீக்குகிறது. ஏன் இரத்தம் என்பதற்கு அடுத்த அதிகாரம் விடை தருகிறது: உயிர் இரத்தத்தில் இருக்கிறது.

அந்த விடை வரும் லேவியராகமம் 17:11-இல் பெரும்பாலோர் கடந்துபோகும் ஒரு சொல் இருக்கிறது. பலிபீடத்தின்மேல் பாவநிவிர்த்தி செய்யும்படி இரத்தத்தை உங்களுக்குக் “கட்டளையிட்டேன்” என்று பழைய தமிழ் கூறுகிறது. எபிரெயத்தில் இருப்பதோ “கொடுத்தேன்” என்பதாகும். மனிதர் கடவுளுக்கு இரத்தம் கொடுக்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, கடவுள் மனிதருக்கு அதைக் கொடுத்ததாக மூலம் சொல்கிறது. கொடுக்கும் கை எது, பெறும் கை எது என்பது இங்கே இடம் மாறிவிடுகிறது. இந்த ஒன்றைக் கவனியாமல் புதிய ஏற்பாட்டின் குருதிமொழியைப் படிப்பவர், கோபத்தில் இருக்கும் கடவுளுக்கு இரத்தம் காட்டிச் சாந்தப்படுத்தும் கதையாகவே அதைப் புரிந்துகொள்வார்.

கிரேக்கத்திற்குச் சொல் கடந்தபோது இந்தக் குழப்பத்துக்கு வழி பிறந்தது. எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கப்போரெத்தை, ஹிலாஸ்மோஸோடு ஒரே வேர் கொண்ட ‘ஹிலாஸ்தேரியோன்’ என்ற சொல்லால் குறித்தார்கள். அதன் வினையான ‘ஹிலாஸ்கொமாய்’ ஹோமரின் காலத்திலிருந்தே தெய்வங்களின் சினத்தைத் தணிப்பதைக் குறித்த சொல். எனவே ரோமர் 3:25-இல் பவுல் இயேசுவை ஹிலாஸ்தேரியோன் என்று அழைக்கும்போது, சினம் தணிக்கும் பலி என்கிறாரா, பாவம் நீக்கும் இடம் என்கிறாரா என்ற வழக்கு எழுந்தது. 1931-இல் சி. எச். டாட் என்னும் பிரித்தானிய அறிஞர், வேதாகமக் கிரேக்கத்தில் இச்சொல்லின் செயல் கடவுளை நோக்கியது அன்று, பாவத்தை நோக்கியதே என்று வாதிட்டார். ஆஸ்திரேலியரான லியோன் மோரிஸ், கடவுளின் சினம் என்ற கருத்தை அப்படி முற்றாக விலக்கிவிட முடியாது என்று மறுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் பவுலின் வாக்கியத்தில் எழுவாய் கடவுளே. அவரே இயேசுவை அவ்வாறு “ஏற்படுத்தினார்”. லேவியராகமத்தின் “கொடுத்தேன்” இங்கே மறுபடியும் ஒலிக்கிறது.

பழைய தமிழ் வேதாகமம் கப்போரெத்தைக் ‘கிருபாசனம்’ என்கிறது. கிருபை, ஆசனம் இரண்டும் சேர்ந்த சொல். லூத்தர் தம் ஜெர்மன் வேதாகமத்தில் இட்ட ‘க்னாடென்ஷ்டூல்’ என்ற சொல்லின் உறுப்புகளும் அருள், இருக்கை என்பவையே. தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்குவும், அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸும் லூத்தரின் வேதாகமத்தில் வளர்ந்த ஜெர்மானியர்கள். ஆகவே இந்த ஒற்றுமை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கிருபாசனம், கிருபாதார பலி என்று இரண்டு இடங்களிலும் கிருபையை வைத்ததால், மூலத்தில் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்ற நூலிழை தமிழிலும் அறுபடாமல் காக்கப்பட்டது. அதற்காக அவர்களைப் போற்ற வேண்டும். இழந்ததும் உண்டு: தூய்மையாக்குதல் என்ற வேர்ப்பொருள் முற்றிலும் மறைந்துவிட்டது. எபிரெயர் 4:16-இல் அரியணையைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லுக்கும் கிருபாசனம் என்றே இட்டதால், “கிருபாசனத்தண்டையில் வருகிறோம்” என்று இன்று ஜெபிக்கும் பலர், இரத்தம் தெளிக்கப்பட்ட பொன்மூடியை அதில் காண்பதில்லை.

‘பலி’ என்ற சொல்லின் சிக்கல் வேறு. வடமொழி வழி வந்த இச்சொல் படையலையே முதலில் குறித்தது. காக்கைக்கு இடும் சோறும் பலிதான். கிடாயின் குருதியோடு கலந்த வெள்ளரிசியைச் சிறுபலியாக இடுவதைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. கத்தோலிக்கர் ‘திருப்பலி’ என்று சொல்லும்போது இந்தப் படையற்பொருள் உயிரோடிருக்கிறது. ஆனால் ‘விபத்தில் ஐவர் பலி’ என்று நாள்தோறும் படிக்கும் காதுக்கு, பலி என்றால் வீணாகப் போன உயிர். அந்தக் காதில் ‘கிருபாதார பலி’ விழும்போது கிருபை மங்கி, பலி மட்டுமே கேட்கிறது. பரிகாரம் என்று மாற்றினாலும் பயனில்லை. அது சோதிடரிடம் கேட்கும் சொல்லாகிவிட்டது.

கழுவாய் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. புறநானூற்றின் 34-ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனிடம், பசுவின் மடியை அறுத்தவர்க்கும் கருவைச் சிதைத்தவர்க்கும்கூட “வழுவாய் மருங்கில் கழுவாயும் உள” என்று கூறி, செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்வில்லை என்கிறார். கழுவு என்ற வினையும், வழியைக் குறிக்கும் வாய் என்ற பெயரும் சேர்ந்து, குற்றத்தைக் கழுவும் வழி என்று பொருள்படுகிறது. அக்காடியத்தின் ‘துடை’யும் லேவியராகமத்தின் தூய்மையாக்கலும் இதில் நேராகவே வந்து அமர்கின்றன. “ஆட்டுக்குட்டியானவருடைய இரத்தத்திலே தோய்த்து வெளுத்தவர்கள்” என்று வெளிப்படுத்தின விசேஷம் 7:14 சலவைத்துறைச் சொற்களாலேயே மீட்பைப் பேசுவதற்கும் இது மட்டுமே இசைகிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்கக் கூடாது. புறநானூற்றுக் கழுவாய் குற்றவாளி தானே செய்துகொள்வது. யோவான் கூறும் கழுவாயோ ஓர் ஆள், அதுவும் கடவுளால் அனுப்பப்பட்டவர். “கழுவாய் செய்தார்” என்று எழுதாமல் “கழுவாய் அவரே” என்று திருவிவிலியம் எழுதியபோது, பழஞ்சொல் இதுவரை சுமந்திராத பொருளை ஏற்றுக்கொண்டது.

எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. தனித்து நின்றால் இச்சொல் ‘நீ கழுவமாட்டாய்’ என்ற எதிர்மறை வினையாகவும் படிக்க இடந்தரும். எனவே முதன்முறை வரும் இடத்தில் ‘பாவக்கழுவாய்’ என்று எழுதுவது நல்லது. யோம் கிப்பூரைப் ‘பாவக்கழுவாய் நாள்’ என்று சொல்லும் வழக்கும் திருவிவிலியத்தின் வழியாக வேரூன்றிவிட்டது.