இறங்கும்போதும் படம் எடுங்க

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்து 22 வருடம் ஆகிறது. ஏப்ரல், மே வந்தால் எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. மலையிறங்கி வந்த வண்டி எது, ஊருக்குள் ஓடும் வண்டி எது என்று கேட்கவே வேண்டியதில்லை. கருகல் வாடையே சொல்லிவிடும். ரப்பரும் பழைய துணியும் சேர்ந்து எரிந்த மாதிரி ஒரு வாடை. அது பிரேக்.

போன மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். கோத்தகிரி ரோட்டில் மலை முடிந்து சமமாகும் இடத்தில் கார் நிற்கிறது, பிரேக் இல்லை என்று போன் வந்தது. பட்டறைப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். பாக்குத் தோப்பு ஓரமாக ஒரு ஆட்டோமேட்டிக் கார். பெருந்துறைக்காரர்கள். ஊட்டி, கோத்தகிரி என்று இரண்டு நாள் சுற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அன்னூரில் அம்முச்சி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டுக்குப் போகிற வழி.

“பெடல் மொதல்ல பஞ்சு மாதிரி ஆச்சுங்கண்ணா. அப்புறம் தரை வரைக்கும் போயிருச்சு. ஹேண்ட் பிரேக்க இழுத்துத்தான் நிறுத்துனேன்” என்றார் ஓட்டி வந்த தம்பி. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. புறங்கையை அரை அடி தள்ளிப் பிடித்தாலே அனல் அடித்தது. அவர் மகன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு வந்தான். நல்லவேளை, ஊற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுதான் டிஸ்க். கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், சில சமயம் விரிசலே விடும். தானாக ஆறத்தான் விட வேண்டும். முக்கால் மணி நேரம் தோப்பு நிழலில் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் அன்னூரிலிருந்து நான்கு முறை போன். “எங்கடா வர்றீங்க, கோழி ஆறிப்போச்சு” என்று அம்முச்சியின் குரல் எனக்கே கேட்டது.

ஆறிய பிறகு பெடலை மிதித்துப் பார்த்தால் பழையபடி வந்து நின்றது. “சரியாயிருச்சுங்களே, அப்படியே மெதுவாப் போயர்றோம்” என்றார். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பெடல் திரும்ப வந்ததால் பிரேக் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்து சக்கரத்தைக் கழற்றினோம். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்டின் முகம் வளையல் கண்ணாடி போல வழவழப்பாக இறுகிக் கிடந்தது. டிஸ்க்கில் திட்டுத் திட்டாக நீலம். பேட்டை அழுத்தும் காலிப்பரில் இருக்கும் நிப்பிளைத் திறந்து பிரேக் ஆயிலை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்தேன். புது ஆயில் தண்ணிபோல, லேசான மஞ்சளாக இருக்கும். இது கருப்பட்டிக் காபி. வண்டி வாங்கி ஐந்து வருடம், ஒரு தடவைகூட மாற்றவில்லை.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதி முழுக்கக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினால் குமிழி மறையும், பெடல் திரும்பும். அடுத்த இறக்கத்தில் மறுபடியும் இதே கதைதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். ஊட்டியில் ஒரு குடும்பம் ஒரு வேளை சாப்பிடுகிற காசுகூட ஆகாது. பேட் கனம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தாலும் அந்த வண்டியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று அந்தத் தம்பி கேட்டார். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 மீட்டர். ஆளும் பெட்டியுமாகச் சேர்த்து 1,500 கிலோ உள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கினால், அது எங்கேயாவது கழித்துத் தீர்க்க வேண்டிய சக்தி சுமார் 6 யூனிட் கரண்ட். 2,000 வாட் வாட்டர் ஹீட்டரை மூன்று மணி நேரம் போட்டால் ஆகும் கரண்ட் அது. காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மீதியை எஞ்சினிடம் கொடுக்கப் போகிறீர்களா, உள்ளங்கை அகல பேட் தலையில் கட்டப் போகிறீர்களா என்பது உங்கள் கியரில் இருக்கிறது.

பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதைத்தான்: ஏறுன கியர்லயே எறங்கு. இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னால் அழுத்தி ஒரு மிதி, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். பெடல் மேல் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் ‘டி’யில் போட்டுவிட்டால் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். பல வண்டிகள் ‘டி’யில் மேல் கியருக்குத்தான் போகும். கீழ் கியரில் பிடித்து வைக்க ‘எல்’ அல்லது ‘எஸ்’ இருக்கும், இல்லையென்றால் நாமே கியர் மாற்றுகிற பிளஸ்-மைனஸ் இருக்கும். அந்தத் தம்பி ஐந்து வருடத்தில் அதைத் தொட்டதே இல்லை என்றார்.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபமே வரும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் நின்றேவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடித்துக்கொண்டிருக்கும். எலக்ட்ரிக் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மலை மேல் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் திரும்பி வரும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் வேண்டும். இல்லையென்றால் சுமை முழுக்க மறுபடியும் பேட் தலையில்தான்.

எங்கள் ஊர் மலை ரயிலைப் பாருங்கள். 1899இல் குன்னூர் வரை ஓட ஆரம்பித்தது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை. இறங்கும்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். எஞ்சின் பிடிமானமும் போதாதென்று பெட்டிக்கு ஒரு ஆள். நம் காரில் இருப்பது ஒரே ஒரு வலது கால்.

சரி, படத்துக்கு வருகிறேன். தோப்பு நிழலில் காத்திருந்தபோது அந்தத் தம்பியின் மகன் கேமராவைக் காட்டினான். ஏறும்போது குன்னூர் ரோட்டில் பர்லியாரிலிருந்தே எடுத்துத் தள்ளியிருக்கிறான், நானூறுக்கு மேல். இறங்கும்போது எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் புகைகிற சக்கரம். ஏனென்றால் இறங்கும்போது எங்கேயும் நிற்கவே இல்லை. கோத்தகிரியில் கிளம்பவே பத்து மணி, அன்னூரில் இலை போட்டாயிற்று என்று போன் மேல் போன். 33 கிலோமீட்டர் ஒரே மூச்சு.

நான் எல்லோரிடமும் சொல்வது: இறங்கும்போது படம் எடுங்க. அரை மணிக்கு ஒருமுறை, வளைவில் இல்லாமல், ரோடு அகலமான இடத்தில் ஓரங்கட்டிப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். பிரேக் ஆறும், படமும் கிடைக்கும். படத்துக்கும் காலைதான் நல்லது. கோத்தகிரி மலையின் கிழக்கு விளிம்பு, ஆறரைக்கு வெயில் சரிவின் முகத்தில் நேராக விழும். பதினொரு மணிக்கு மேல் கோடைப் புழுதியில் கீழே சமவெளி வெளுத்துப்போய்விடும், மதியத்துக்கு மேல் மழை மேகமும் கூடிவிடலாம். காலையில் கிளம்பினால் விருந்துக்கும் நேரத்துக்குப் போய்விடலாம்.

குஞ்சப்பனைப் பக்கம் மட்டும் வண்டியை விட்டு இறங்காதீர்கள். மே, ஜூனில் பலாப்பழத்துக்கு யானை வரும். நிறுத்தியதும் கால் போட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டே உட்காராதீர்கள், சூட்டில் பேட் டிஸ்க்கோடு ஒட்டி அச்சு விழும். கியரில் (ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில்) போட்டுவிட்டு சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள் சாமி, அதில் ஏறித் துள்ளிய டூவீலர்களும் என் பட்டறைக்குத்தான் வருகின்றன. எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், மலைப்பாதையில் முன்னுரிமை அவருக்குத்தான்.

அன்று புது பேட் போட்டு, ஆயில் மாற்றி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்து முடிக்க மூன்றரை மணி ஆகிவிட்டது. அதற்குள் அவர்கள் மாமா அன்னூரிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். கையில் இரண்டு தூக்குப்போசி, நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும். எனக்கும் பையனுக்கும் சேர்த்துத்தான் அம்முச்சி கொடுத்துவிட்டிருந்தார். போசியை ஸ்பானர் மேஜையில் வைத்தவர், பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“காப்பி ஆறிப்போச்சுங்களா?”