தேங்க்ஸ்கிவிங்: "நன்றி சொல்லும் நாள்"னா போதுமா?

நவம்பர் மாசம் நாலாவது வியாழன் வந்தா அமெரிக்கால இருக்குற நம்மாளுங்க எல்லாம் ஹேப்பி தேங்க்ஸ்கிவிங்னு ஸ்டேட்டஸ் போடுறாங்க, தமிழ்ல எழுதுறவங்க அதை "நன்றி சொல்லும் நாள்"னு மாத்திடுறாங்க. தப்புன்னு சொல்லல. ஆனா யாருக்கு நன்றி? அந்த இங்கிலீஷ் சொல்லுக்குள்ளயே இதுக்குப் பதில் இருந்துச்சு, தமிழ்ல அது விட்டுப்போகுது.

16ஆம் நூற்றாண்டுல பைபிளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த காலத்துல புழக்கத்துக்கு வந்த சொல் இது, அர்த்தம் கடவுளுக்கு நன்றி செலுத்துறது. மூல கிரேக்கத்துல எவுக்கரிஸ்தியா. கத்தோலிக்கர்கள் நற்கருணைன்னு சொல்றாங்கள்ல, அதுக்கு இங்கிலீஷ்ல இருக்குற யூக்கரிஸ்ட்ங்குற பேரும் இதே கிரேக்கச் சொல்லுல இருந்து வந்ததுதான்.

இங்கிலாந்துல சபையை பைபிள்படி சுத்தப்படுத்தணும்னு நின்ன புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவங்கதான் ப்யூரிட்டன்கள். அவங்க கிறிஸ்துமஸ், ஈஸ்டர், புனிதர் திருநாள் எதையும் கொண்டாட மாட்டாங்க, பைபிள்ல சொல்லாத பண்டிகை எதுக்குன்னு. அமெரிக்கால அவங்க குடியேறின மாசசூசெட்ஸ்ல 1659ல கிறிஸ்துமஸ் கொண்டாடினா அபராதம்னே சட்டம் போட்டாங்க. ஓய்வுநாளை விட்டா அவங்களுக்கு இருந்தது ரெண்டே வகை நாள். பஞ்சம், கொள்ளைநோய், போர்னு கஷ்டம் வந்தா உபவாச நாள், கஷ்டம் தீர்ந்தா தேங்க்ஸ்கிவிங் நாள். ரெண்டுக்கும் தேதி கிடையாது, கடவுள் செஞ்சதைப் பார்த்து சபையோ அரசோ அறிவிக்கும், அன்னிக்கு வேலையை விட்டுட்டு கோயிலுக்குப் போய் ஜெபமும் பிரசங்கமும்தான் முக்கியம், சாப்பாடெல்லாம் அப்புறம். இந்த ஜோடியைப் புரிஞ்சுக்காம இந்தச் சொல்லு புரியாதுங்குறது என் கருத்து.

அப்போ முதல் தேங்க்ஸ்கிவிங்னு எல்லாரும் சொல்ற, 1621ல மாசசூசெட்ஸ் பக்கம் பிளிமத்துல நடந்த விருந்து? இங்கிலாந்துல இருந்து மேஃப்ளவர் கப்பல்ல குடியேற வந்த 102 பேர்ல பாதிப் பேர் முதல் குளிர்காலத்துலயே செத்துட்டாங்க, மிச்சம் இருந்தவங்க அறுவடை முடிஞ்சதும் அந்தப் பகுதி பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களோட தலைவர் மாசசோய்ட்டும் அவர் ஆளுங்க 90 பேரும் சேர மூணு நாள் சாப்பிட்டாங்க. ஆனா அதுல இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதின கடிதத்துல தேங்க்ஸ்கிவிங்னு பேரே இல்ல, 1841ல ஒரு பதிப்பாசிரியர் அடிக்குறிப்புல எழுதினப்புறம்தான் அது "முதல் தேங்க்ஸ்கிவிங்" ஆச்சு. ப்யூரிட்டன் அர்த்தப்படி பார்த்தா 1623தான் பொருந்தும். மழை இல்லாம பயிர் காஞ்சு, உபவாசம் இருந்து ஜெபம் பண்ணி, மழை வந்து, அதுக்கப்புறம் நன்றி நாள் வச்சாங்க.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். 1637ல பீக்வாட்ங்குற பூர்வகுடி மக்களை நூத்துக்கணக்குல கொன்னு ஜெயிச்சதுக்கும் மாசசூசெட்ஸ்ல இதே நன்றி நாள்தான் அறிவிச்சாங்க. 1970ல இருந்து பூர்வகுடி மக்கள் பிளிமத்துல இந்த நாளை துக்க நாளா அனுசரிக்கிறாங்க.

தேசிய விடுமுறையா ஆனது மெல்ல மெல்லத்தான். 1789 நவம்பர் 26ஐ முதல் ஜனாதிபதி வாஷிங்டன் நன்றி நாளா அறிவிச்சப்பவே நன்றியும் ஜெபமும் எல்லாம் வல்ல கடவுளுக்குன்னுதான் எழுதினார், பின்னாடி ஜனாதிபதியான ஜெஃபர்சன் மத விஷயம்னு அறிவிக்க மறுத்துட்டார். பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல் வருஷக்கணக்கா எழுதிக் கேட்டு, 1863ல உள்நாட்டுப் போருக்கு நடுவுல லிங்கன் நவம்பர் கடைசி வியாழன்னு அறிவிச்சார். அதுல நன்றியோட சேர்த்து, தேசம் செஞ்ச தப்புகளுக்குத் தாழ்மையா மனம் வருந்தவும் சொன்னார், அந்தப் பழைய உபவாச நாள் அங்க எட்டிப் பார்க்குது பாருங்க. நாலாவது வியாழன்னு சட்டமானது 1941ல.

சரி, தமிழ்ச் சொல். "நன்றி மறப்பது நன்றன்று"ல நன்றின்னா நாம இன்னைக்குச் சொல்ற தேங்க்ஸ் இல்ல, ஒருத்தர் நமக்குச் செஞ்ச நன்மை. அதை உணர்றதுதான் செய்ந்நன்றியறிதல். அதனால இன்னைக்கு வான்கோழி, குடும்பம், நாலு நாள் லீவுன்னு இருக்குற நாளுக்கு "நன்றியறிதல் நாள்"ங்குறது அழகான சொல், "நன்றி சொல்லும் நாள்"ஐ விட ஆழமானது.

ஆனா ப்யூரிட்டன் காலத்தை எழுதுறப்ப அது பத்தாது. அதுக்கு நம்ம ஊர் சபைகள்லயே சொல் இருக்கு, ஸ்தோத்திரம். சமஸ்கிருதத்துல துதிப்பாட்டுன்னு அர்த்தம், தமிழ் வேதாகமத்துல நன்றி செலுத்துறதுக்கும் இதையே வச்சாங்க, "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும்"னு வருதே, அங்க இங்கிலீஷ்ல இருக்குறது இதே தேங்க்ஸ்கிவிங்தான். திருநெல்வேலிப் பக்கம் ஸ்தோத்திரப் பண்டிகைன்னே கொண்டாடுறாங்க. வடமொழின்னு ஒதுக்குறவங்க "இறைநன்றி நாள்"னு எழுதலாம், எனக்கு அதுவும் பிடிச்சிருக்கு.

கனடாக்காரங்க கொண்டாடுறது அக்டோபர் ரெண்டாவது திங்கள், 1957 அறிவிப்புலயே எல்லாம் வல்ல கடவுளுக்குன்னு எழுதியிருக்கு, அதனால அந்த அறிவிப்பை மொழிபெயர்க்குறவங்களுக்கும் இறைநன்றி நாள்தான் சரியா வரும்.