காரமான தாய்லாந்து வேர்க்கடலை டிரெஸ்ஸிங்: சுவை மறைப்பதைக் கவனியுங்கள்

புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் நான்கும் ஒரே கரண்டியில் சேர்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் குறையை நாக்கால் பிரித்தறிவது கடினம். பழைய கடலையின் சிக்கு வாடையை எலுமிச்சை மூடிவிடும். கூடுதல் உப்பை வெல்லம் மூடிவிடும். காய்கறி சாலட்டின் மேல் ஊற்றும் இந்த டிரெஸ்ஸிங்கைக் கலந்தபின் யாரும் கொதிக்க வைப்பதில்லை. அதனால் சோதனையெல்லாம் கலப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் கடலை. சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் படிந்தவை கண்ணில் பட்டால் அந்தப் பொட்டலத்தையே ஒதுக்குங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு. வறுத்தால் அது முழுமையாக அழியாது. கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பல்ல, ஏனென்றால் நச்சு கண்ணுக்குத் தெரியாமலும் பரவியிருக்கலாம். வறுத்தபின் இரண்டு மூன்று கடலைகளை மென்று பாருங்கள். கசந்தாலும் காறினாலும் அவற்றை அரைக்கவே வேண்டாம்.

நான்கு பேருக்கு அளவு இது: தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், தாய்லாந்தின் சிறு மிளகாய் 2, பூண்டு ஒரு சிறு பல், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கெட்டியான புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, பொடித்த பனைவெல்லம் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் 6 மேசைக்கரண்டி வரை.

கடலையைச் சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம் கிளறிக்கொண்டே வறுங்கள். தீ கூடினால் வெளியே கருகும், உள்ளே பச்சை வாசம் நிற்கும். இளஞ்சூடு இருக்கும்போதே மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, ஓரங்களை வழித்துவிடுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டு திரளும், கடைசியில் எண்ணெய் விட்டுப் பளபளக்கும். பலர் பொடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். டிரெஸ்ஸிங் நறநறப்பது அதனால்தான்.

மிளகாய், பூண்டு, இஞ்சியை இடித்து, வெல்லம், புளி, மீன் சாஸுடன் சேர்த்துக் கரையுங்கள். இதைக் கடலை விழுதில் ஊற்றியதும் விழுது இறுகி, பிசைந்த மாவு போலாகிவிடும். பயந்துபோய் எண்ணெய் ஊற்றாதீர்கள். கடலைத் துகள்கள் கிடைத்த நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம், தேவை இன்னும் நீர். ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடித்தால் சற்றுநேரத்தில் தளர்ந்து, கரண்டியின் பின்புறம் மெல்லப் படியும் பதத்துக்கு வரும். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள், சூடு பட்டால் அதன் மணம் போய்விடும்.

காரம் மிஞ்சினால் நீர் விடுவதால் பயனில்லை. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் கொழுப்பில்தான் கரையும், ஆகவே கடலை விழுதையோ தேங்காய்ப்பாலையோ கூட்டுங்கள். அடுத்த முறை மிளகாயின் உள்ளே இருக்கும் வெண்ணிற நரம்பை நீக்கிவிடுங்கள், காரம் அங்குதான் மிகுதி.

உப்பைச் சுவைத்து மதிப்பிட வேண்டாம், அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸில் சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த அளவோ நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழ். மேற்சொன்ன அளவில் ஆளுக்கு 350 வரும். உப்பிட்ட பீநட் பட்டர் கொண்டு செய்தால் மீன் சாஸைப் பாதியாக்குங்கள். தனியாகச் சுவைக்காமல் வெள்ளரித் துண்டில் தொட்டுப் பாருங்கள், காய்கறியோடு சேரும்போதுதான் உண்மையான சுவை தெரியும்.

பச்சைப் பூண்டு இருப்பதால் இதை வெளியே வைக்கக் கூடாது. மூடிய கண்ணாடிப் புட்டியில், குளிர்பெட்டியில், மூன்று நாள் வரை வைக்கலாம். தேங்காய்ப்பால் சேர்த்திருந்தால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குளிரில் இறுகினால் வெந்நீர் ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் போதும்.

விருந்தினருக்கு வைப்பதென்றால் வேர்க்கடலை இருப்பதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கலந்த டிரெஸ்ஸிங்கைப் பார்த்து யாராலும் கடலையைக் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வாமை உள்ளவருக்கோ மிகச் சிறிதளவே ஆபத்தாகலாம். மீன் சாஸையும் சேர்த்துச் சொல்லுங்கள், சைவ உணவினருக்கு அது தெரிந்தாக வேண்டும். அதற்குப் பதிலாகச் சோயா சாஸ் ஊற்றினால் அதையும் சொல்லுங்கள், பெரும்பாலானவற்றில் கோதுமை உண்டு. மிக்ஸி பிளேடுக்கு அடியில் உள்ள வாஷரில் விழுது தங்கும். கழற்றி, சோப்பு போட்டுக் கழுவாமல் ஒவ்வாமை உள்ளவருக்கு அதே ஜாரில் எதையும் அரைக்காதீர்கள்.

சாப்பிட்டவருக்கு உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், தலை சுற்றினாலும் ஒவ்வாமை மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அவரிடம் அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே தொடையில் போட்டு, அவசர ஊர்தியை அழையுங்கள். அறிகுறி தணிந்தாலும் மீண்டும் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும்.