ரியாக்‌ஷன் டைம்: துலங்கல் நேரம்

திரையில் ஒரு வட்டம் தோன்றுகிறது. கண்டதும் விசையை அழுத்துகிறீர்கள். தோன்றியதற்கும் அழுத்தியதற்கும் இடையில் கழிந்த நேரம்தான் ரியாக்‌ஷன் டைம். கவனம், நினைவு, வாசிப்பு என்று எதை ஆராய்ந்தாலும், கணினி வழி நடக்கும் உளவியல் சோதனைகளில் பல கடைசியில் அளப்பது இதைத்தான்.

லத்தீனில் 'ரே' என்றால் திரும்ப. 'ஆகெரே' என்றால் செய்தல். இந்த வேரிலிருந்து வந்த 'ரியாக்‌ஷன்' என்ற சொல்லோடு நேரத்தைச் சேர்த்து, 1873-இல் ஜெர்மன் மொழியில் கலைச்சொல்லாக்கியவர் வியன்னா உடலியலாளர் சிக்மண்ட் எக்ஸ்னர். ஆனால் அளவீடு அதற்கும் முந்தியது. டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் 1868-இலேயே அதைச் செய்து காட்டிவிட்டார். 'கி' என்ற ஓசை மட்டுமே வரும் என்று முன்பே சொல்லிவிட்டு, கேட்டதும் திருப்பிச் சொல்லவைத்தார். அப்புறம் பல ஓசைகளைக் கலந்து ஒலித்து, 'கி' வந்தால் மட்டும் சொல்லவைத்தார். இரண்டாவதற்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அந்தக் கூடுதல், ஓசையைப் பிரித்தறிய மனம் எடுத்துக்கொண்ட நேரம் என்றார். கண்ணுக்குத் தெரியாத மனச்செயலைக் கழித்தல் கணக்கால் பிடித்துவிட்டார்! உளவியலில் இதைவிட அழகான யோசனைகள் குறைவு என்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எதிர்வினை நேரம்' பரவலாக இருக்கிறது, தவறில்லை. ஆனால் 'எதிர்வினை' ஏற்கெனவே நியூட்டனின் மூன்றாம் விதியில் வேலை பார்க்கிறது. பேச்சிலோ அதற்கு எதிர்ப்பின் வாடை உண்டு. வட்டத்தைக் கண்டு விசையை அழுத்துவதில் எதிர்ப்பு எதுவுமில்லை. 'மறுவினை' இதைவிடப் பரவாயில்லை.

என் தேர்வு 'துலங்கல் நேரம்'. கல்வி உளவியல் நூல்களில் 'தூண்டல் – துலங்கல்' (ஸ்டிமுலஸ் – ரெஸ்பான்ஸ்) நிலைத்த இணை. மாணவர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. துலங்குதல் என்றால் ஒளிர்தல், தெளிவாகத் தெரிதல். அதன் பிறவினையைத்தான் பாத்திரம் துலக்கும்போது சொல்கிறோம். உள்ளே நடந்தது வெளியே தெரியவருவதற்கு ஆகும் நேரம் என்று பொருள் தானாகவே அமைந்துவிடுகிறது. விளையாட்டு உளவியலில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே அசையத் தொடங்கும்வரை ஒன்று, அசைந்து முடிக்க ஆவது இன்னொன்று என்று இரண்டையும் பிரிப்பார்கள். அந்த இடத்தில் 'துலங்கல் தொடக்க நேரம்', 'அசைவு நேரம்' என்று பிரித்து எழுதலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை அளக்க ஹிப் குரோனோஸ்கோப் போன்ற நுட்பமான கருவி வேண்டியிருந்தது. ஆய்வகத்துக்கு வெளியே அதற்கு இடமில்லை. இன்று சைக்கோபை, ஜேஎஸ்சைக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் போதும். ஜேஎஸ்சைக் உலாவியிலேயே ஓடுவதால் மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே சோதனையில் கலந்துகொள்ளலாம். அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம்: 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை நிறத்தில் காட்டி, நிறத்துக்கு உரிய விசையை அழுத்தச் சொல்ல வேண்டும். முடிந்ததும் சொல், நிறம், அழுத்திய விசை, மில்லி விநாடி என்று முயற்சிக்கு ஒரு வரியாகக் கோப்பு வந்துவிடும். சொல்லும் நிறமும் பொருந்தாத வரிகளில் எண்கள் பொதுவாகப் பெரிதாக இருக்கும். தன் தயக்கத்தைத் தானே எண்ணாகப் பார்க்கும் மாணவருக்கு டாண்டர்ஸ் உடனே புரிந்துவிடுவார்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு சட்டகமும் (ஃபிரேம்) சுமார் 16.7 மில்லி விநாடி நிற்கும். அதற்கு நடுவில் எதையும் காட்ட முடியாது. விசைப்பலகையும் தன் பங்குக்குச் சில மில்லி விநாடிகளைச் சேர்க்கும். ஒரே கணினியில் ஒருவரின் இரண்டு நிலைகளை, அதாவது சொல்லும் நிறமும் பொருந்துவதையும் பொருந்தாததையும், ஒப்பிட்டால், இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும் தாமதம் கழிந்துவிடும். வெவ்வேறு கருவிகளில் அமர்ந்த இருவரை ஒப்பிடும்போது கழியாது. ஆகவே ஆய்வறிக்கையில் துலங்கல் நேரத்தை எழுதுபவர், திரையின் புதுப்பிப்பு வீதம், விசைப்பலகை வகை, மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.