சேர்நேம் வேறு, குடி வேறு

படிவங்களைத் தமிழாக்குகிறவர்களில் சிலர் 'சேர்நேம்' (surname) கட்டத்துக்கு நேரே 'குடிப்பெயர்' என்று எழுதுகிறார்கள். குடும்பம் வடசொல், குடி தனித்தமிழ், வள்ளுவரே குடிமை என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார் என்று காரணமும் சொல்கிறார்கள். கிழக்கிலங்கையில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், இந்தச் சொல் செல்லாது.

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேல், 'நொம்' என்றால் பெயர். இருக்கிற பெயருக்கு மேல் ஏற்றி வைத்த இன்னொரு பெயர், அதாவது பட்டப்பெயர் மாதிரி. தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்குவது என்ற பொருள் பிறகு ஒட்டியது. பல சேர்நேம்களின் அடியில் கிடப்பதும் தகப்பன் பெயர்தான். போர்த்துக்கேயரின் பெர்னாண்டஸ், பெர்னாண்டோவின் மகன். ஒல்லாந்தர் வழிவந்த ஜான்ஸ், 'யானின் மகன்' என்பதன் சுருக்கம். அவர்களுக்கு அது ஒரு தலைமுறையில் உறைந்துபோய்ப் பேரன், பூட்டன் என்று இறங்குகிறது. நமக்கு உறையவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் பிள்ளைப்பெயர் மயில்வாகனன், தகப்பன் சாமித்தம்பி. சாமித்தம்பி என்பது அந்த வீட்டாருக்கெல்லாம் பொதுவான பெயர் அல்ல. அது ஒரு மனிதரின் சொந்தப் பெயர், அடுத்த தலைமுறையில் அந்த இடத்துக்கு வேறு பெயர் வந்துவிடும்.

இனிக் குடிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தவருக்கோ தமிழ்நாட்டவருக்கோ குடி என்பது பழைய இலக்கியச் சொல்லாக இருக்கலாம். இங்கே அது கலியாணப் பேச்சில் முதலில் விழும் கேள்வி. காலிங்காகுடி, உலகிப்போடிகுடி, படையாண்டகுடி, பணிக்கனாகுடி என்று நீளும் இந்தக் குடிகள் தாய்வழி இறங்குபவை. பிள்ளைக்குத் தாயின் குடி, தாய்க்கு அவளின் தாயின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் ஒரே குடி, அண்ணன் தங்கை முறை. கோயிலில் எந்த நாள் திருவிழா யாருக்கு, வண்ணக்கர் (கோயில் தருமகர்த்தா) எந்தக் குடியிலிருந்து என்பதெல்லாம் இதை வைத்தே. அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழிதான், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரும் குடிவழி வந்தவர்கள்.

காலிங்காகுடி ஆண் ஒருவர் உலகிப்போடிகுடிப் பெண்ணைக் கட்டுகிறார் என்று வையுங்கள். பிள்ளைகள் உலகிப்போடிகுடி. படிவத்தில் சேர்நேம் கட்டத்துக்குள் போவதோ தகப்பன் பெயர். ஒரே குடியில் கட்டக்கூடாது என்பதால், முறைப்படி நடந்த கலியாணத்தில் அந்தத் தகப்பன் பிள்ளையின் குடிக்காரராக இருக்கவே முடியாது. பிள்ளையின் குடியில் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒருவரின் பெயருக்கு மேலே 'குடிப்பெயர்' என்று தலைப்புப் போடுகிறார்கள். தலைப்பை நம்பி யாராவது தாயின் குடியையே எழுதிவிட்டால் அது இன்னும் மோசம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயரோடு சேர்ந்து வராத ஒரு சொல் விண்ணப்பத்தில் ஏறிவிடும். குடியைப் பெயரோடு ஒட்டி எழுதும் வழக்கமே இங்கு இல்லை. கந்தப்போடி போன்ற பெயர்களில் வரும் 'போடி'யும் குடும்பப்பெயர் அல்ல, காணிபூமி உள்ளவருக்கான மதிப்பு ஒட்டு. (தமிழ்நாட்டு நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பது வேறு கதை.)

குடும்பம் வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்ற சண்டை ஒருபக்கம் நடக்கட்டும். சொல் தூய்மையாக இருந்து பொருள் பிழைத்தால் படிவத்தை நிரப்புகிறவருக்கு என்ன பயன்? உயிரோடு புழங்கும் சொல்லை அதன் வேலையிலிருந்து பிடுங்கி வேறு வேலைக்கு வைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டல்ல. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியரை (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்களை) போல மாறாத பெயர் உள்ளவர்களுக்குக் 'குடும்பப்பெயர்' சரியாகப் பொருந்துகிறது. அதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

'முதற்பெயர்', 'கடைசிப்பெயர்' இன்னொரு கூத்து. ஆங்கிலத்தில் சொந்தப் பெயர் முதலில், குடும்பப்பெயர் கடைசியில். நமக்கு வரிசை மறுபக்கம். கந்தையா சிவராசா என்பவர் 'முதற்பெயர்' என்ற இடத்தில் கந்தையா என்றுதான் எழுதுவார், அதில் அவர் பிழை என்ன? கடவுச்சீட்டில் சேர்நேம் கந்தையா, மற்றப் பெயர் சிவராசா. விமானச்சீட்டில் இரண்டும் இடம்மாறி, கவுன்டரில் மறிக்கிறார்கள். சீட்டுப் போடும்போது கடவுச்சீட்டின் படப்பக்கத்து அடியைப் பாருங்கள். 44 எழுத்திடங்கள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். மேல்வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து நிற்பது சேர்நேம், பிறகு இரண்டு அம்புமுனைக் குறி, அதன்பின் மற்றப் பெயர்கள். அந்த வரிசையை அப்படியே சீட்டில் போட வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் முதல், கடைசி என்ற வரிசைச் சொற்களை விட்டுவிட்டு 'உங்கள் சொந்தப் பெயர்', 'குடும்பப்பெயர் (இல்லாவிட்டால் தகப்பன் பெயர்)' என்று இரண்டு கட்டம் போட்டால் போதும். குடி கோயில் திருவிழாப் பட்டியலில் இருக்கட்டும்.