செடிக்குக் கால் கிடையாது

"பூமியின் சூடு கூடினால் செடி மலையில் இன்னும் கொஞ்சம் மேலே போய் வளர்ந்துவிட்டுப் போகிறது, இதில் என்ன சார் கவலை?" இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. இம்முறை கேட்டவர் மரம் நடும் குழு நடத்துபவர். மலையுச்சிப் புல்வெளியில் நட நாற்றுகளோடு வந்து நின்றார்.

செடிக்குக் கால் கிடையாது. மேலே போவது விதை. காற்றிலோ பறவை வயிற்றிலோ போய், மண் வாய்த்து, முளைத்து, பூத்து, அதுவும் விதை விட்டால்தான் இடம் மாறியது என்று செடி ஆய்வாளர்கள் நாங்கள் எழுதுவோம். மரத்துக்கு அது பல பத்தாண்டு வேலை. தாய்மரமோ நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த இனம் வளரும் மலைப்பகுதியின் கீழ் எல்லையில், மரத்தடியில் குனிந்து பாருங்கள்: சருகு, பொக்கு விதை, இரண்டிலை விட்டுக் கருகிய முளை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று இருக்காது. தூரத்தில் நிற்பவருக்குக் காடு பச்சைதான். எங்கள் கணக்கில் அது கடைசித் தலைமுறை.

எல்லாம் மேலேதான் போகும் என்பதும் இல்லை. ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிய இனங்களும் உண்டு. உச்சியிலேயே இருப்பவற்றுக்குப் போக்கிடமே கிடையாது.

சமவெளி இன்னும் மோசம். மலையில் 1 டிகிரி குளிர்ச்சிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் ஏறினால் போதும்; மிதவெப்ப நாட்டுச் சமவெளியில் அதற்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நகர வேண்டும், வயலையும் சாலையையும் தாண்டி. பிரான்சுக் காடுகளில் 1965 முதல் 2008 வரை வெப்பம் 1 டிகிரிக்கு மேல் கூடியது. அதற்கேற்ப, சூடு விரும்பும் இனங்கள் கூடி, மலைக்காட்டுச் செடிக்கூட்டம் மாறியது 0.54 டிகிரி அளவுக்கு. சமவெளிக் காட்டில்? 0.02.

புல்வெளி தரிசு அல்ல. அங்கே மரம் நடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஏறும் முன் காலணியையும் காலுறையையும் உதறுங்கள். அடிவாரத்துக் களைவிதைக்கு நீங்கள்தான் வண்டி. உச்சிச் செடியைப் பிடுங்கித் தொட்டியில் வைக்காதீர்கள், பிழைக்காது.

படம் எடுத்தால் தேதி, இடம், உயரம் மூன்றையும் குறியுங்கள். 1802-இல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் ஏறிய ஈக்வடாரின் சிம்போராசோ மலையை 2012-இல் மறுபடி அளந்து, செடிகள் 500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு பார்த்தால், அவர் குறித்திருந்த உச்சிச் செடிகளில் பல வேறொரு மலையான அந்திசானாவில் சேகரித்தவை. 2019-இல் அந்திசானாவை வைத்துத் திருத்திய கணக்கு 215 முதல் 266 மீட்டர். ஏறியது உண்மைதான், இடக்குறிப்பு குழம்பியதில் அளவு இரட்டிப்பாகிவிட்டது.

கன்றில்லாமல் நிற்கும் கிழட்டு மரத்தையும் படமெடுங்கள். பூவை எடுக்கத்தான் ஊரே இருக்கிறதே.