அஃகுப்பெயர்: விம்கோ வேறு, ஐ.சி.எஃப். வேறு

ஆங்கிலத்தில் எப்படிச் சுருக்கினாலும் பொதுப்பெயர் 'அப்ரிவியேஷன்'. குறுகியது என்று பொருள்படும் 'ப்ரெவிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'குறுக்கம்' என்றாலே போதும். அதன் உள்வகைகளில்தான் குழப்பம்.

சென்னை பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையை ஐ, சி, எஃப் என்று எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையான சி.பி.சி.எல்., கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடான ஜி.என்.டி. ரோடு, திருவொற்றியூர் ஹை ரோடான டி.எச். ரோடு எல்லாம் இந்தக் கணக்குதான். ஆங்கிலத்தில் 'இனிஷியலிசம்', தமிழில் 'முதலெழுத்துக் குறுக்கம்'.

திருவொற்றியூர் விம்கோ நகரில் உள்ள 'விம்கோ' அப்படியல்ல. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் அது. முதல் மூன்று சொற்களில் ஓரெழுத்து, கம்பெனியில் மட்டும் ஈரெழுத்து. டபிள்யூ, ஐ, எம் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ஒரே சொல்லாக வாசிக்கிறோம். இதுதான் 'அக்ரனிம்'. கிரேக்கத்தில் 'அக்ரோஸ்' நுனி, 'ஒனுமா' பெயர். ரேடாரும் லேசரும் இந்த இனம். தமிழில் 'அஃகுப்பெயர்'. அஃகுதல் என்றால் சுருங்குதல், குறைதல். 'அஃகாமை செல்வத்திற்கு' என்று குறளில் வரும் அதே வினை.

சொல்லையே வெட்டுவது 'கிளிப்பிங்'. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸின் 'லோகோ', ரயில் எஞ்சினைக் குறிக்கும் லோகோமோட்டிவின் வால் போனது: கடைக்குறை, நீலம் 'நீல்' ஆனது போல. டெலிபோன் 'போன்' ஆனது முதற்குறை, தாமரை 'மரை' ஆனது போல. டாக்டரை 'டிஆர்' என்று இரண்டெழுத்தில் எழுதுவது இடைக்குறைக்கு நெருக்கம். நம்மிடம் இவை செய்யுளுக்குத் தந்த சலுகை, ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சு. அந்த வேறுபாடு மட்டும் நினைவிருக்கட்டும். முதற்குறையில் வேடிக்கையானது பஸ். 'ஆம்னிபஸ்' லத்தீனில் 'எல்லோருக்கும்'. அதில் வேற்றுமை உருபின் வால் மட்டும் மிஞ்சி வண்டிக்குப் பெயராகிவிட்டது.

முதலெழுத்துக் குறுக்கம், அஃகுப்பெயர் என்ற பிரிவு தமிழ்ச் சுருக்கங்களில் அவ்வளவாக நிற்காது. ஆங்கில எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. தமிழ் உயிர்மெய்யோ தானே ஓர் அசை. தி.மு.க.வைப் பிரித்துச் சொன்னாலும் சேர்த்துச் சொன்னாலும் ஒலி ஒன்றே.

எழுதும்போது காதை நம்புங்கள். எழுத்தெழுத்தாகச் சொன்னால் புள்ளி வையுங்கள், சொல்லாக வாசித்தால் வேண்டாம். 'வி.ம்.கோ.' என்று எழுதினால் புள்ளிக்கு அடுத்து மெய்யெழுத்து தொங்கும், வாசிக்கவே வராது. வேற்றுமை உருபு சேர்க்கையில் விம்கோவுக்குச் சிக்கலில்லை. மற்றதற்குச் சிறுகோடு நல்லது: ஐ.சி.எஃப்-இல்.

எம்.கே.பி. நகர் இன்னொரு வகைச் சிக்கல். மகாகவி பாரதி என்ற பெயர் ஆங்கில எழுத்துக்குப் போய்த் திரும்பியது. இலக்கணப்படி 'ம.க.பா. நகர்' என்று திருத்தினால் ஆட்டோக்காரருக்கே புரியாது. புழக்கத்தில் உள்ளதை விட்டுவிடுங்கள். ஆனால் 'ஏ.டி.எம். மெஷின்', 'பின் நம்பர்' இரண்டையும் எழுத்தில் வெட்டலாம். கடைசி எழுத்திலேயே மெஷினும் நம்பரும் இருக்கின்றன.